இலவசமாக வந்ததை நிவாரணம் என்று நினைத்தேன்

2014 மார்ச் 3, திங்கட்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். தேநீர், பாண், முதல்நாள் சம்பல். ஆறே முக்காலுக்கு உப்புக்குளத்திலிருந்து சைக்கிளில் புறப்பட்டு ஏழு மணிக்குப் பயிற்சி நிலையத்தைத் திறந்தேன். பத்துக் கணினிகளின் துணி உறைகளையும் வாசலுக்குக் கொண்டுபோய் உதறினேன். எங்கள் காற்றில் சனி ஞாயிறு இரண்டு நாளுக்குள் ஒரு பிடி மண் சேர்ந்துவிடும். விசைப்பலகைகளைத் தூரிகையால் துப்புரவாக்கினேன். பன்னிரண்டு கதிரைகளையும் வரிசைப்படுத்தினேன். பலகையில் திகதி எழுதினேன். எட்டரைக்கு மாணவர்கள் வந்தார்கள். எட்டு ஐம்பதுக்குப் பத்துத் திரைகளிலும் ஒரே செய்தி வந்தது: இந்த மென்பொருளின் உரிமக் காலம் முடிந்துவிட்டது.

நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். காரணம், புதிதாகக் கணினி வகுப்பு தொடங்கும் நீங்கள் சென்ற கிழமை அனுப்பிய பட்டியல். பதினான்கு மென்பொருள்களின் பெயர்கள். கீழே ஒரு கேள்வி: வீடியோ கேம் செய்யப் பழக வரும் பிள்ளைகளுக்கு இதில் எது நல்லது, மிஸ்?

படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. பதினான்கு வரியில் ஒரு பிள்ளையின் பெயர்கூட இல்லை. அந்தப் பிள்ளை எங்கிருந்து வருகிறது, கிழமையில் எத்தனை நாள் வரமுடியும், உங்கள் அறையில் இருக்கும் மிக மோசமான கணினி எது, ஒன்றும் இல்லை. எது அழகாகப் படம் காட்டும், எதைக் கொழும்பில் பாவிக்கிறார்கள், அதுதான் இருக்கிறது. கோபத்தில் கால்வாசி உங்கள் மேல். மிச்சம் என் மேல். இதே பட்டியலை நானும் ஒருமுறை போட்டேன். என்னுடையதில் இரண்டே பெயர். இரண்டில் பிழையானதைத் தெரிந்தெடுத்தேன்.

பெயர்களை எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போவீர்கள். பெரியது, சின்னது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியதைக் கொண்டுவந்தவர் எங்கள் இணைப்பாளர். யுத்தம் முடிந்து ஆட்கள் திரும்பிவந்துகொண்டிருந்த காலம். இளைஞர்களுக்குத் தொழில் என்று ஒரு தொண்டு நிறுவனம் ஆறுமாத வகுப்பு ஒன்றைத் தொடங்கியது. இணைப்பாளர் கொழும்பில் ஒரு கூட்டத்தில் பெரியதைக் கண்டிருக்கிறார். “இதில அரைப் பக்க அறிக்கை ஒண்டு தாங்கோ மிஸ், ஆரம்ப ஆக்களுக்குச் சரிவருமோ எண்டு” என்றார். வீட்டில் என் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். கனடாவிலிருந்து தம்பி அனுப்பிய புது மடிக்கணினி அது. இருபது நிமிடத்தில் ஒரு மனிதனை மலையில் ஓடவைத்தேன். மலை, மரம், மேகம் எல்லாம் பெரியதற்குள் ஏற்கெனவே இருந்தன. அதை நான் என் திறமை என்று எடுத்துக்கொண்டேன். “ஆரம்ப நிலை மாணவர்களுக்கு மிகவும் ஏற்றது” என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். வகுப்பறைக் கணினி ஒன்றில் திறந்து பார்க்கவில்லை. தெரியாத ஒரு பிள்ளையிடம் கொடுத்துப் பின்னால் நின்று பார்க்கவில்லை. தேங்காயின் விலையைக்கூட நாட்குறிப்பில் எழுதும் நான், அந்த உரிமம் ஆறு மாதத்துக்கு மட்டும் என்பதை எழுதவில்லை.

சின்னது என் அலுமாரிக்குள் இருந்தது. பாடசாலைச் சாமான்கள் வந்த பெட்டி ஒன்றுடன் இலவசமாக வந்த வட்டு. வண்ணக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் திரையில் உள்ளவை அசையும். இணையம் வேண்டாம், உரிமம் வேண்டாம். என் அறிக்கையின் கடைசி வரியில் அதைப் பற்றி எழுதினேன்: சிறுவர்களுக்கானது, தொழில் தரம் அற்றது.

அந்த வரியை எழுதவைத்தது எது என்று எனக்குத் தெரியும். தொண்ணூறில் கடல் தாண்டி இந்தியாவில் முகாமில் இருந்தவள் நான். பிறகு இங்கேயும் வரிசையில் நின்றேன். நெளிந்த தகரத்தில் வந்த ரின்மீன், வண்டு விழுந்த கோதுமை மா, யாரோ போட்டுக் கழித்த சட்டை. இலவசமாக எது வந்தாலும் அது மற்றவர்களுக்கு வேண்டாததுதான் என்று என் உடம்பே பழகியிருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு இனி நிவாரணச் சாமான் வேண்டாம், கொழும்புப் பிள்ளைக்குக் கிடைப்பதே கிடைக்கட்டும் என்று நினைத்தேன். பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமைக்கு விலை கொடுத்தவர்கள் பன்னிரண்டு பேர்.

வகுப்பறைக் கணினியில் பெரியது திறக்கப் பதினொரு நிமிடம் எடுத்தது. ஒரு நாள் அளந்தே பார்த்தேன். திறந்தபின் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? ஆயத்தமாக இருந்த மலையை இழுத்துப் போட்டார்கள். ஆயத்தமாக இருந்த காரை அதில் ஏற்றினார்கள். ஐந்து மாதம் கழித்துப் பதினொரு பேரிடமும் ஒரே மலை, ஒரே கார். நிறம் மட்டும் வேறு.

பன்னிரண்டாவது ரிஸ்வானா.

ரிஸ்வானா எருக்கலம்பிட்டிப் பிள்ளை, ஆனால் பிறந்தது புத்தளத்தில். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பம். திரும்பிவந்து பழைய வளவில் அரைச்சுவர் வீடு ஒன்றில் இருந்தார்கள். இருந்தார்கள் என்பதும் முழுக்கச் சரியில்லை. வாப்பாவின் கடையும் தம்பியின் பாடசாலையும் புத்தளத்திலேயே இருந்தன. வீட்டுத்திட்டத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் உண்மையில் இங்கே குடியிருக்கிறார்களா என்று பார்க்க ஒருவர் வருவார். எந்த நாள் என்று சொல்லமாட்டார், பெரும்பாலும் புதன் அல்லது வியாழன். வரும்போது வீடு பூட்டியிருந்தால் பெயருக்கு நேரே ஒரு கோடு விழும். அதனால் அந்த இரண்டு நாளும் ரிஸ்வானா வகுப்புக்கு வராமல் வீட்டைக் காத்துக்கொண்டிருந்தாள். வரவு குறைகிறது என்று நான் அவளை ஏசியிருக்கிறேன்.

அவள் செய்ய நினைத்த கேமும் அதுதான். திரையின் இடது பக்கம் ஒரு வீடு, வலது பக்கம் ஒரு வீடு, நடுவில் பஸ். ஏதாவது ஒரு வீட்டில் கதவு தட்டுப்படும். ஆள் இல்லாவிட்டால் ஒரு சுவர் விழும். மலையும் காரும் அவளுக்குத் தேவைப்படவில்லை. பெரியதில் ஒரு வீட்டைக் கட்டவே அவளுக்கு ஆறு கிழமை போனது. எடுத்துக்கொண்டுபோய் வீட்டில் செய்யவும் முடியவில்லை, ஏனென்றால் எங்களுக்குக் கிடைத்த உரிமத்தில் அது வகுப்பறைக் கணினியைத் தவிர வேறெங்கும் திறக்காது.

அந்தத் திங்கட்கிழமை எல்லாம் பூட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை கேம் செய்யும் கொழும்புக் கொம்பனி ஒன்றிலிருந்து இரண்டு பேர் வருவதாக இருந்தது. சொந்தமாகச் செய்த கேமைக் காட்டும் இரண்டு பேருக்கு ஆறுமாதப் பயிற்சி, தங்க இடம், முடித்தால் வேலை. ரிஸ்வானாவுக்கு ஏப்ரலோடு வயதெல்லை தாண்டிவிடும். அவளுக்கு இது ஒன்றுதான்.

“நான் செஞ்சது மிஸ். ஏன் எனக்கே திறக்குதில்ல?” என்று கேட்டாள்.

பேசாலையிலிருந்து வரும் அன்ரன் பின்வரிசையிலிருந்து, “என்ர கார் மலை உச்சியில நிக்குது மிஸ். பிரேக் போட மறந்திட்டன். லைசன்ஸ் வந்து திறக்கேக்க கடலுக்க கிடக்கும்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

“உனக்கென்ன, உன்ர கார் ரெடிமேட் கார். என்ர வீடு நான் கட்டினது” என்றாள் ரிஸ்வானா. சிரிப்பு நின்றது.

பதினொரு மணிக்கு இணைப்பாளர் வந்தார்.

“ஏன் மிஸ் பதறுறீங்கள்? கொழும்புக்கு மெயில் போட்டிட்டன். ரெண்டு கிழமையில புதுப்பிச்சுத் தருவினம்.”

“வெள்ளிக்கிழமை ஆக்கள் வருகினம் சேர்.”

“வரட்டும். ஜனவரியில எடுத்த வீடியோ இருக்குத்தானே. பெரிய திரையில போட்டுவிடுவம்.”

“விளையாடிப் பாப்பம் எண்டு கடிதத்தில எழுதியிருக்கினம்.”

“கடிதத்தில ஆயிரம் எழுதுவினம். இந்த வெக்கைக்குள்ள எத்தின நிமிசம் நிப்பினம் எண்டு நினைக்கிறீங்கள்?” என்று சொல்லி ஒரு படிவத்தை மேசையில் வைத்தார். அதில் இருந்தது: பன்னிரண்டு மாணவரும் தத்தம் கேமைப் பூர்த்தி செய்துள்ளனர். கீழே பயிற்றுநர் கையொப்பம்.

“வெள்ளிக்கிழமை பாப்பம் சேர்” என்றேன். மறுக்கவில்லை. தள்ளிப்போட்டேன். அவர் மாணவர்களிடம் திரும்பி, “ஒருத்தரும் யோசிக்காதேங்கோ, வீடியோ மட்டும் காணும், வேற ஒண்டும் தேவையில்ல” என்றார். பதினொரு பேரும் ஆறுதலாகச் சாய்ந்து இருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு பேருடனும் மல்லுக்கட்ட நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நான்கு நாள் இருந்தது.

அவரும், இனி வேலை இல்லையென்று பதினொரு பேரும் போனபின் அலுமாரியைத் திறந்து சின்னதை எடுத்தேன். ஏழாம் இலக்கக் கணினிதான் இருந்ததில் மோசம், திரையின் ஒரு மூலை மஞ்சளாகிவிட்டது. அதில் போட்டேன். பதினைந்து வினாடியில் திறந்தது. திரையில் ஒரு கார்ட்டூன் விலங்கு நின்று சிரித்தது.

ரிஸ்வானாவின் முகம் சுருங்கியது. “இது சின்னப் பிள்ளையள்ர மிஸ்.”

“ஓம்.”

“கொழும்பு ஆக்கள் சிரிப்பினம்.”

“சிரிக்கலாம். ஆனா திறக்கும்.”

அந்த விலங்கை முதலில் அழித்தாள். இரண்டு சதுரம் கீறினாள். நடுவில் ஒரு வட்டம். மூன்று மணிக்கு அந்த வட்டம் ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்கு ஓடியது. நான்கு மணிக்குக் கதவு தட்டும் ஓசை வேண்டும் என்றாள். விரல் மொளியால் மேசையைத் தட்டிப் பதிவுசெய்தாள். ஆறு கிழமையில் ஒரே ஒரு வீடு கட்டிய பிள்ளை, ஒரு நாளில் இரண்டு வீட்டையும் கதவுத் தட்டலையும் முடித்துவிட்டாள். பின்னால் நின்று பார்த்த எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளவேண்டும் போலிருந்தது.

உங்கள் பட்டியலுக்கு என் பதில் அந்த நான்கு மணியில்தான் இருக்கிறது. முதல் நாள் முடிவதற்குள் அந்தப் பிள்ளை நினைத்த ஒன்று திரையில் அசையவேண்டும். உள்ளே ஆயத்தமாக இருப்பது அசைந்தால் அது கணக்கில்லை. அடிக்கடி வராமல் நிற்கும் பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியவேண்டும். நாளைக்கும் அது திறக்கும் என்று நீங்கள் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவேண்டும். இதற்குப் பிறகுதான் படத்தின் அழகு. பெரியது கெட்டது என்று நான் சொல்லவில்லை. தொழிலுக்குப் போனபின் அதில்தான் வேலை. ஆனால் யோசிக்கப் பழகமுன் அதைக் கொடுத்தால், உள்ளே இருக்கும் மலையையும் காரையும்தான் பிள்ளை தன் யோசனை என்று நம்பும். நானும் அப்படித்தான் நம்பினேன்.

செவ்வாய் பின்னேரம் ரிஸ்வானா என் மேசைக்கு வந்தாள். “நாளைக்கும் மறுநாளும் வர ஏலாது மிஸ். தம்பிக்குச் சோதனை, உம்மா புத்தளத்தில. நான்தான் வீட்டில இருக்கோணும். இன்னும் சுவர் விழேல்ல. அதில்லாட்டி அது கேமே இல்ல.”

கணினிகள் அறையைவிட்டு வெளியே போகக்கூடாது என்று சுவரில் ஒட்டியிருந்தது. எழுதியது நான். பதிவேட்டை எடுத்து, ‘இல. 7, வெளியே, பொறுப்பு நான்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஓட்டோ ஒன்றைக் கூப்பிட்டு, கணினிப் பெட்டியைக் காலடியிலும் திரையைத் துணி உறையோடு அவள் மடியிலும் வைத்து அனுப்பினேன். இணைப்பாளரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மெயில் போட்டிருப்பார்.

புதன்கிழமை, கத்தோலிக்கர்களான எங்களுக்குத் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன். காலைப் பூசை, வகுப்பு எல்லாம் முடித்து, நெற்றியில் சாம்பலோடு எருக்கலம்பிட்டிக்குப் போனேன். கூரைத் தகரத்தின் கீழ், சீமெந்துக் கல் அடுக்கிப் பலகை போட்டு, அதன்மேல் ஏழாம் இலக்கம் இருந்தது. மின்சாரம் பக்கத்து வளவு மாமி வீட்டிலிருந்து வயரில் வந்தது. மாமி வேலியால் எட்டிப் பார்த்து, “மிஸ், சோறு தின்னவும் எழும்புறா இல்ல. வீட்டைப் பாத்துக்கொள்ளச் சொன்னா, பெட்டிக்குள்ள இருக்கிற வீட்டைப் பாத்துக்கொண்டு இருக்கிறா” என்றார்.

“அந்த வீட்டுக்கும் ஆள் வேணுந்தானே மாமி” என்றாள் ரிஸ்வானா, திரும்பாமல்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே கணினியோடு வந்து இறங்கினாள். சுவர் விழுந்துவிட்டதா என்று கேட்டேன். “விழுது மிஸ். நேற்று வீடு பாக்கிற ஐயாவும் வந்தவர். கம்பியூட்டரைக் கண்டிட்டு, ‘நல்லாக் குடிவந்திட்டீங்கள் போல’ எண்டு எழுதிக்கொண்டு போனார்.”

பத்து மணிக்குக் கொம்பனியின் ஆட்கள் வந்தார்கள். ஒரு நடுத்தர வயதுக்காரர், ஒரு இளம் பெண். இணைப்பாளர் வீடியோவைப் போட்டார். மலை வந்தது, கார் ஏறியது. மறுபடி மலை, மறுபடி கார். நான்காவது மலையில் அந்தப் பெண் கேட்டாள்: “இதில் நீங்கள் செய்தது எது?”

கேள்வி மாணவர்களுக்கு. அன்ரன்தான் கடைசியில், “நிறம், மிஸ்” என்றான். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை.

“விளையாடிப் பார்க்க ஏதாவது இருக்கா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“உரிமத்தில ஒரு சின்னப் பிரச்சினை...” என்று இணைப்பாளர் தொடங்கினார். “இருக்கு” என்றேன் நான். ஏழாம் இலக்கத்துக்கு அழைத்துப் போனேன். இரண்டு சதுரத்தையும் வட்டத்தையும் கண்டதும் இணைப்பாளர் என் காதுக்குள், “என்ன மிஸ் இது, நேசரிப் பிள்ளையள்ர மாதிரி” என்றார்.

அந்தப் பெண் கதிரையை இழுத்து இருந்தாள். கதவு தட்டுப்பட்டது. ஓடினாள். மறுபக்கம் தட்டுப்பட்டது. சுவர் விழுந்தது. திரும்பத் தொடங்கினாள். நான்கு முறை தோற்றாள். அந்த நடுத்தர வயதுக்காரர் பின்னால் நின்று “இடது, இடது” என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

“ஏன் எனக்கு எப்போதும் ஒரு வீடு போகிறது?”

“நீங்க அங்க நிக்கேக்க இங்க ஆளில்லையே” என்றாள் ரிஸ்வானா.

“இரண்டையும் காப்பாற்ற வழி இருக்கா?”

“கேமில வைக்கலாம் மிஸ். ரெண்டு கட்டையை மாத்தினாச் சரி. ஆனா பொய்யா இருக்கும் எண்டு வைக்கேல்ல.”

அவர்கள் இருவரும் வெளியே நின்று பத்து நிமிடம் பேசினார்கள். ரிஸ்வானாவை எடுத்தார்கள். இரண்டாவது இடத்துக்கு ஒருவரையும் எடுக்கவில்லை. இதை நன்றாகக் கவனியுங்கள். இடம் இருந்தது. ஆள் எடுக்க வந்தவர்கள் அதை வெறுமையாகத் திருப்பிக் கொண்டுபோனார்கள், ஏனென்றால் பதினொரு பேரிடம் ஆறு மாதத்துக்குப் பின்னும் காட்ட ஒரு நிறம் மட்டுமே இருந்தது.

இணைப்பாளர் விறாந்தையில் படிவத்தோடு நின்றார். “பன்னிரண்டு எண்டு இருக்கு. கையெழுத்து வையுங்கோ மிஸ்.”

“ஒண்டு எண்டு மாத்துங்கோ, வைக்கிறன்.”

“அப்ப மிச்சப் பதினொண்டுக்கும் என்ன எழுதுறது?”

“என்ர பிழை எண்டு எழுதுறன். பக்கத்தில உங்கட பேரையும் எழுதட்டே சேர்?”

படிவத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வெற்றி போல இருந்தது. சைக்கிளை எடுக்கப் போகும்வரைதான். அங்கே அன்ரன் நின்றான்.

“மிஸ், அந்தச் சின்னதை எங்களுக்கு ஏன் காட்டேல்ல?”

“சேர் வீடியோ காணும் எண்டு சொன்னவர்தானே அன்ரன்...”

“சேர் சொன்னவர். நீங்க ஒண்டும் சொல்லேல்லயே.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தான். இத்தனை வருடத்தில் எனக்கு நேரே சொல்லப்பட்டவற்றில் நான் மறுக்க முடியாத ஒன்று அதுதான். கருவியைப் பிழையாகத் தெரிந்தெடுத்ததை அறியாமை என்று நான் சாட்டலாம். திங்கட்கிழமை பிழை தெரிந்தபின்னும் வாய் மூடியிருந்ததற்கு ஒரு சாட்டும் இல்லை.

மார்ச் 8, சனிக்கிழமை. விடுமுறை. ஏழு மணிக்கு முதல் வேலையாக வரவு இடாப்பை மேசையில் விரித்து, முதலாவது பெயருக்குத் தொலைபேசி எடுத்தேன். அன்ரன். காற்று இரைந்தது, பின்னால் ஆட்கள் கத்தினார்கள்.

“மிஸ்ஸா? வலை இழுக்கிறம். கெதியாச் சொல்லுங்கோ.”

“திங்கக்கிழமை வா அன்ரன். எல்லாரையும் கூப்பிடுறன். சின்னதில முதலிலயிருந்து தொடங்குவம்.”

“இனி அதால என்ன பிரயோசனம் மிஸ்?”

“தெரியாது” என்றேன்.

யாரோ அவனைப் பெயர் சொல்லி அதட்டினார்கள். இணைப்பு அறுந்தது. அவன் பெயருக்கு நேரே ஒன்றும் எழுதாமல், இரண்டாவது எண்ணை அழுத்தினேன்.